வீட்டில் எத்தனை நாள், ஆபீசில் எத்தனை நாள்?

சென்னீர்குப்பத்தில் குடியிருப்பவருக்கு வேலை எல்லாத் திசையிலும் இருக்கிறது. மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். வடக்கே ஆவடி சாலையில் போனால் கனரக வாகனத் தொழிற்சாலை, அதைத் தாண்டிப் பட்டாபிராம். புறவழிச்சாலையைப் பிடித்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. தென்கிழக்கே போரூர், மணப்பாக்கம். இன்னும் போனால் தரமணி, சிறுசேரி. இத்தனை திசைக்கும் நடுவில் வீடு இருப்பது வசதிதான். ஆனால் பல திசைகளுக்குக் கிளம்பினால் காலை எட்டரை மணிக்குப் பூந்தமல்லியையோ கரையான்சாவடியையோ கடந்தாக வேண்டும். அங்கே மெட்ரோ தூண்களுக்காகச் சாலை வருடக்கணக்கில் குறுகிக் கிடந்ததை இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதனால் ‘வீட்டிலிருந்தே வேலை செய்யலாமா’ என்ற கேள்விக்கு இங்கே பெரும்பாலானவர்கள் சட்டென்று ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். சாலை அந்தப் பதிலை வரவழைக்கிறது. இந்த அத்தியாயம் அந்த ‘ஆமாம்’ வருவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றைப் பற்றியது. வீட்டைச் சிலர் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். சிலர் வேறு வழியில்லாமல் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். வேலையின் தரத்திலும் உடம்பிலும் சம்பள உயர்விலும் அவை வெவ்வேறு பலனைத் தருகின்றன.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தியாவில் வீட்டிலிருந்து வேலை என்பது 2020 வரை சட்டப்படியே கடினமான காரியமாக இருந்தது. குறிப்பாக கால் சென்டர், பி.பி.ஓ. நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் இருந்தன. ஊழியரை வீட்டில் உட்கார வைத்து வேலை வாங்க வேண்டுமானால் வைப்புத்தொகை கட்ட வேண்டும், தனி இணைப்பு எடுக்க வேண்டும். கொரோனா பரவியதும் 2020 மார்ச் 13-ஆம் தேதி அந்தக் கட்டுப்பாடுகளைத் துறை தற்காலிகமாகத் தளர்த்தியது. இரண்டு வாரத்துக்குள் நாடே முடங்கியது. தளர்வு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் வந்த புதிய விதிகளால் நிலையானது. மணப்பாக்கம் டி.எல்.எஃப். போன்ற சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு வேறு சட்டம். அங்கே 2022 ஜூலையில்தான் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கென்று தனி விதி எழுதப்பட்டது.

சட்டம் வழிவிட்ட பிறகும் நிறுவனங்களின் மனம் மாறிக்கொண்டே இருந்தது. டி.சி.எஸ். 2020 ஏப்ரலில், 2025-க்குள் தன் ஊழியர்களில் நூற்றுக்கு 25 பேர் மட்டும் எந்த நேரத்திலும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை அறிவித்தது. அதே நிறுவனம் 2023 அக்டோபரிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் ஆபீசுக்கு வரச் சொன்னது. அடுத்த ஆண்டு ஊக்கத்தொகையையும் வருகைப் பதிவோடு இணைத்தது. இன்ஃபோசிஸ் மாதம் பத்து நாள் என்ற கணக்குக்கு வந்தது. இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வீடு வாங்குபவர்களும் வாடகைக்கு மாறுபவர்களும் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். ‘எப்படியும் வொர்க் ஃப்ரம் ஹோம்தானே’ என்று நம்பி, சிறுசேரி ஆபீசில் வேலை பார்ப்பவர் சென்னீர்குப்பத்தில் இருபது வருட வீட்டுக் கடன் எடுக்கக் கூடாது. கடனுக்கு ஆயுள் இருபது வருடம். நிறுவனத்தின் கொள்கை மூன்றே வருடத்தில் தலைகீழானதைப் பார்த்தாயிற்று.

இனி, இந்த அத்தியாயத்தின் மையமான விஷயம். வீடா ஆபீசா என்பது பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளில் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று ஷாங்காயில் நடந்தது. இன்னொன்று நம் சென்னையிலேயே நடந்தது.

ஷாங்காய் ஆய்வை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் ப்ளூமும் அவர் கூட்டாளிகளும் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010, 2011-இல் செய்தார்கள். விருப்பப்பட்ட ஊழியர்களில் குலுக்கல் முறையில் ஒரு பாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள், மறு பாதியை ஆபீசிலேயே வைத்தார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருந்தது. உலகம் முழுக்க இந்த 13 சதவீதம்தான் மேற்கோளாகச் சுற்றுகிறது.

சென்னை ஆய்வை எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் அட்கின், ஆன்டொனெட் ஷோர் ஆகியோர் சுமித் ஷிண்டேயுடன் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்டார்கள். இங்கே வேலை டேட்டா என்ட்ரி. இதிலும் குலுக்கல்தான்: சிலருக்கு வீடு, சிலருக்கு ஆபீஸ். முடிவு நேர் எதிர். வீட்டில் உட்கார்ந்தவர்களின் வேலை, ஆபீசில் உட்கார்ந்தவர்களைவிட 18 சதவீதம் குறைவு. அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மீதி, நாள் போகப் போக ஆபீசில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? நாட்டைக் காரணம் சொல்வதற்கு முன் சோதனையின் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். ஷாங்காயில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மூன்று தகுதிகள் கேட்கப்பட்டன: குறைந்தது ஆறு மாத அனுபவம், நல்ல இணைய இணைப்பு, வேலை நேரத்தில் வேறு யாரும் வராத தனி அறை. அதோடு அவர்கள் வாரம் நான்கு நாள்தான் வீட்டில் இருந்தார்கள், ஐந்தாவது நாள் ஆபீஸ். கூடிய 13 சதவீதத்தில் 9 சதவீதம், இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து அதிக நிமிடம் உட்கார்ந்ததால் வந்தது. பாக்கி 4 சதவீதம், அமைதியான இடத்தில் நிமிடத்துக்கு அதிக அழைப்புகளைக் கையாண்டதால். தனி அறையும் அனுபவமும் வாரம் ஒரு ஆபீஸ் நாளும் இருந்த இடத்தில் கிடைத்த பலன் அது. அந்த மூன்றும் இல்லாத வீட்டுக்கு அதே எண்ணை எடுத்துவந்து ஒட்ட முடியாது.

சென்னை ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு இருக்கிறது. அதுதான் நெஞ்சில் தைக்கிறது. வேலைக்கு எடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும், உங்களுக்கு வீடு வேண்டுமா, ஆபீஸ் வேண்டுமா என்று கேட்டு வைத்திருந்தார்கள். வீடு வேண்டும் என்றவர்கள் தொடக்கத் தேர்விலேயே மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமும் துல்லியமும் உள்ளவர்கள். அதாவது கெட்டிக்காரர்கள். ஆனால் அதே ஆட்கள் வீட்டில் உட்கார்ந்தபோது, தாங்களே ஆபீசில் இருந்தால் செய்யக்கூடியதைவிட 27 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். ஆபீஸ் வேண்டும் என்றவர்களுக்கு வீட்டில் இழப்பு 13 சதவீதம்தான். வீட்டை யார் அதிகம் கேட்டார்களோ, அவர்களுக்கே வீடு அதிகம் கெடுதல் செய்தது.

இதற்கான காரணத்தில் ஒரு பகுதியை ஆய்வாளர்களே சொல்கிறார்கள். வீட்டைக் கேட்டவர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள், வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அதிகம். அவர்கள் வீட்டைக் கேட்டது வீட்டில் நன்றாக வேலை ஓடும் என்பதற்காக அல்ல. ஆபீசுக்குப் போக வழியில்லை. பிள்ளையை யாரிடம் விடுவது, மாமியாருக்கு மதிய மாத்திரையை யார் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத இடத்தில் ‘எனக்கு வீட்டிலிருந்தே வேலை போதும்’ என்ற வாக்கியம் பிறக்கிறது.

ஆகவே இந்த நூலைக் கையில் வைத்திருப்பவர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது: பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்து, பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தால், அப்போதும் வீட்டைத்தான் கேட்பேனா? கேட்பேன் என்றால் அது விருப்பம். மேலே போகலாம். ‘இல்லை, அப்போது ஆபீசுக்குப் போயிருப்பேன்’ என்றால் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அதைத் தீர்க்க முயலாமல் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தால் இரண்டு வேலையும் அரைகுறையாகும், பழி முழுவதும் அவர் மேல் விழும். மகப்பேறு சலுகைச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது இரண்டு விஷயங்கள் ஒன்றாகவே உள்ளே வந்தன. வேலையின் தன்மை இடம் கொடுத்தால், மகப்பேறு விடுப்புக்குப் பிறகு இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்பது ஒன்று. ஐம்பதோ அதற்கு மேலோ பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. நம் ஊரில் முதலாவதைக் கேட்பவர்கள் அதிகம், இரண்டாவதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஹெச்.ஆரிடம் பேசும்போது இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அடுத்தது வீடு. பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு படுக்கையறை கொண்டவை. ஒரே வீட்டில் ஒருவர் லேப்டாப்பிலும் இன்னொருவர் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஷிஃப்டிலும் இருப்பது இங்கே சர்வசாதாரணம். தொழிற்சாலைக்காரருக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே கிடையாது; பீரங்கியையும் காரையும் வீட்டில் கோக்க முடியாது. அவர் இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வந்து படுத்தால் மதியம் இரண்டு வரை தூங்க வேண்டும். வீட்டில் நல்ல கதவும் மின்விசிறியும் உள்ள அறை ஒன்றுதான். அதில் அவர் தூங்கினால் மனைவி ஹாலில் உட்கார்ந்து கிளையண்ட் காலில் பேச வேண்டும். மனைவி அறைக்குள் போனால் அவர் தூக்கம் போகும். தூக்கம் போனவர் அன்று இரவே எந்திரத்தின் முன்னால் நிற்பார். இது ஆபத்தான விஷயம். இந்தக் குடும்பத்துக்குச் சரியான வழி, கணவரின் இரவு ஷிஃப்ட் வாரங்களில் மனைவி ஆபீஸ் நாட்களை வைத்துக்கொள்வது, பகல் ஷிஃப்ட் வாரங்களில் வீட்டு நாட்களை வைத்துக்கொள்வது. வாரம் மூன்று நாள் என்று அச்சடித்தாற்போல் கேட்காமல், மாதம் பத்தோ பன்னிரண்டோ நாள் என்று கேட்டு, எந்த வாரம் என்பதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டால் இது நடக்கும்.

அறை இல்லாவிட்டால் மூலையாவது வேண்டும். அந்த மூலைக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. முதுகுக்குப் பின்னால் நடமாட்டம் இருக்கக் கூடாது. சமையலறை மிக்சியும் டிவியும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. கட்டிலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்வது ஒரு வாரத்துக்குச் சுகம். அதன்பின் கழுத்து சொல்லிவிடும். லேப்டாப்பின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி நான்கு தடித்த புத்தகங்களை அடியில் வைத்து, தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். நல்ல நாற்காலிக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம். அம்பத்தூரிலும் மற்ற இடங்களிலும் ஆபீஸ்கள் காலிசெய்யும்போது பழைய நாற்காலிகள் விற்பனைக்கு வரும். புதியதைவிட விலை குறைவு, உறுதியும் அதிகம்.

அறையைவிடக் கடினமான விஷயம், வீட்டில் இருப்பவர்களின் எண்ணம். “வீட்டுலதானே இருக்கே, கேஸ் வந்தா வாங்கி வச்சிடு, தண்ணி லாரி வந்தா மோட்டாரைப் போடு, தம்பிய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துடு.” இந்த மூன்று வேலையும் தனித்தனியே பத்து நிமிட வேலைகள்தான். மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வரும்போது ஒரு முழுக் காலைப்பொழுது போய்விடுகிறது. அதிலும் இந்தப் பேச்சு ஆண்களிடம் குறைவு, பெண்களிடம் அதிகம். இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை, நேரத்தைச் சொல்லிவிடுவது உதவுகிறது. “அம்மா, பதினொன்றரை வரைக்கும் கால்ல இருப்பேன். பதினொன்றரைக்கு வெளிய வந்து எல்லாம் பாக்கறேன்” என்று காலையிலேயே சொல்லி, சொன்னபடி பதினொன்றரைக்கு வெளியே வந்துவிட வேண்டும். வராமல் விட்டால் அடுத்த நாள் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை.

பணக் கணக்கைப் பலரும் தப்பாகப் போடுகிறார்கள். பெட்ரோல் மிச்சம், அதனால் லாபம் என்று நிறுத்திவிடுகிறார்கள். முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்கே வைத்துக்கொள்வோம், 44 வேலை நாள். தரமணிப் பக்கம் போகிறவர் போகவர ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பைக்கில் ஓட்டுகிறார். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், லிட்டர் சுமார் 100 ரூபாய் என்றால் பெட்ரோல் மட்டும் 4,900 ரூபாய்க்கு வருகிறது. மணப்பாக்கம் போகிறவருக்கு அதில் பாதி, சுமார் 2,400.

இப்போது வீட்டுப் பக்கம். ஏப்ரல், மே வெயிலில் பூந்தமல்லியில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில் ஏசி இல்லாமல் மதியம் உட்கார முடியாது. ஏசி மணிக்கு ஒரு யூனிட் எடுப்பதாக வைத்தால், நாளுக்கு 8 மணி, 44 நாளுக்கு 352 யூனிட். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 சலுகை விலை. ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை விலை போய்விடும். தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 352-ஐச் சேர்த்தால் பில் 3,000 ரூபாய் அளவுக்கு ஏறும். தரமணிக்காரருக்கு அப்போதும் வீடு லாபம். மணப்பாக்கத்துக்காரருக்குக் கோடையில் வீடு நஷ்டம். ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்துவிட்டு வருவதே மலிவு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் போகும் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே இல்லை என்பதால், அவர்களுக்கு ஆபீஸ் இன்னும் மலிவு. நேரக் கணக்கு தனி. தரமணிக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் 44 நாளில் 132 மணி நேரம் சாலையில் போகிறது. அதற்கு விலை போடுவது அவரவர் கையில்.

மின்சாரம் பற்றி இன்னும் ஒரு விஷயம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 வரையோ மாலை வரையோ மின்சாரம் நிறுத்தப்படும் நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த நாளை ஆபீஸ் நாளாக்கிக்கொள்வது சுலபமான தீர்வு. திடீர் மின்வெட்டுக்கு, வைஃபை ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கினால், லேப்டாப் பேட்டரியோடு சேர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிவிடலாம். மின்தடைப் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987. கேபிள் வழி வரும் இணையமும் செல்பேசி இணையமும் ஒரே நிறுவனத்தினுடையதாக இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஒன்று விழும்போது மற்றது நிற்க வேண்டும் அல்லவா.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு, மழை வந்தால் வீடுதான் பாதுகாப்பு என்று. 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, நான்கு நாட்களுக்கு ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லும்படி ஐ.டி. நிறுவனங்களுக்குத் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. சாலையில் இறங்காமல் இருக்க அது சரியான முடிவு. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. தண்ணீர் தேங்கிய பகுதிகளில் பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டதால் வீடுகளிலும் பல இடங்களில் வேலை ஓடவில்லை. செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கும் ஊரில் குடியிருப்பவர், அப்படிப்பட்ட நாளில் ‘வீட்டிலிருந்து வேலை செய்கிறேன்’ என்று வாக்குக் கொடுக்காமல், வேலை நடக்காமலும் போகலாம் என்று டீம் லீடரிடம் முதல் நாளே சொல்லிவைப்பதே நியாயம்.

கல்லூரி முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த நூல் ஒரே பதிலைத்தான் சொல்லும்: முதல் இரண்டு வருடம் முடிந்த அளவு ஆபீஸ். சென்னை ஆய்வில் ஆபீசில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றார்கள் என்பது ஏற்கெனவே சொன்னதுதான். மென்பொருள் பொறியாளர்களை வைத்து அமெரிக்காவில் நடால்யா இமானுவல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பாலைஸ் செய்த ஆய்வும், பக்கத்து மேசையில் மூத்தவர் இருந்தால் புதியவருக்குக் கிடைக்கும் திருத்தங்கள் கூடுகின்றன என்கிறது. புதியவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தப் பயன் அதிகம். வீட்டில் இருப்பவர் சந்தேகம் வந்தால் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். ஆபீசில் இருப்பவர் நாற்காலியைத் திருப்பிக் கேட்டுவிடுகிறார். மூத்தவர்களுக்கு ஆபீஸ் இந்த அளவு அவசியமில்லை. ஆனால் மூத்தவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தால் இளையவர் ஆபீசுக்குப் போய் யாரிடம் கேட்பது? குழு முழுவதும் ஒரே நாட்களில் வருவது அதனால்தான் முக்கியம். ஆளுக்கொரு நாள் வந்து காலி மேசைகளுக்கு நடுவே ஹெட்ஃபோனில் மீட்டிங் பேசிவிட்டுத் திரும்புவது, மூன்று மணி நேரப் பயணத்தை வீணாக்குவது.

சம்பள உயர்வையும் பதவியையும் பற்றி ஷாங்காய் ஆய்விலேயே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஒரே அளவு வேலை செய்தும், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படவில்லை. ஆனால் இதே ப்ளூம், சீட்ரிப் பிற்காலத்தில் ட்ரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு 1,612 ஊழியர்களை வைத்து இன்னொரு சோதனை நடத்தி 2024-இல் வெளியிட்டார். இம்முறை வாரம் இரண்டே நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ். பதவி உயர்விலோ வேலைத் தரத்திலோ எந்தக் குறைவும் தெரியவில்லை. வேலையை விட்டுப் போவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். தனி அறை உள்ள, ஓரளவு அனுபவமுள்ள சென்னீர்குப்பத்துக்காரருக்கு இந்த இரண்டு நாள் கணக்குதான் பாதுகாப்பானது என்று தோன்றுகிறது.

அதற்கும் முன்னால் கேட்டுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பக்கத்தில் ஒரு ஆபீஸ். நிறுவனத்துக்கு அம்பத்தூரிலோ போரூர், மணப்பாக்கத்திலோ கிளை இருந்தால், வாரம் மூன்று நாள் வீடு கேட்பதைவிட அந்தக் கிளைக்கு ஒரு இருக்கை கேட்பது பல சமயம் எளிது. மேனேஜரும் தயங்க மாட்டார், ஏனென்றால் ஊழியர் ஆபீசில்தான் இருக்கிறார். ஆவடிக்கு அப்பால் பட்டாபிராமில் 330 கோடி ரூபாயில் கட்டப்பட்ட 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பர் 22 அன்று திறக்கப்பட்டது. மேற்குப் புறநகருக்கு வேலை தேடி வரும் போக்குக்கு அது ஒரு அடையாளம். ஜோஹோ நிறுவனம் இதை வெகு காலத்துக்கு முன்பே செய்தது: 2011-இலேயே தென்காசியில் அலுவலகம் திறந்து, ஊரை விட்டுப் போகாமலே அந்த ஊர்ப் பிள்ளைகள் மென்பொருள் எழுத வழி செய்தது. வீட்டுக்குப் பக்கத்தில், ஆனால் வீட்டுக்கு வெளியே. ஹாலில் கட்டில் போட்டிருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மெட்ரோவையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். பூந்தமல்லி புறவழிச்சாலையிலிருந்து போரூர், வடபழனி வழியாகக் கலங்கரை விளக்கம் வரை 26.1 கிலோமீட்டர் நீளும் வழித்தடமும், மாதவரத்திலிருந்து மணப்பாக்கம் டி.எல்.எஃப். பக்கமாகச் சோழிங்கநல்லூர் போகும் வழித்தடமும் ஆற்காடு சாலையில் ஒரே தூண்கள் மேல் இரண்டு அடுக்காகப் போகின்றன. அங்கே இறங்கி மாறும் வசதி முழுமையாகும்போது மேலே போட்ட பெட்ரோல் கணக்கை அழித்துத் திரும்பப் போட வேண்டும்.

வேலையில் இல்லாமல், புதிதாக ‘வீட்டிலிருந்தே வேலை’ தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பஸ் நிறுத்தத்திலும் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் விளம்பரங்களில், பதிவுக் கட்டணமோ ‘செக்யூரிட்டி டெபாசிட்’டோ கேட்கும் எதுவும் வேலை அல்ல. முதலில் சிறு தொகை கொடுத்து நம்ப வைத்து, பின்னர் ‘டாஸ்க்’ முடிக்கப் பணம் கட்டச் சொல்வது இப்போது பரவலாக நடக்கும் மோசடி. டேட்டா என்ட்ரி வேலையில் தப்பு செய்துவிட்டீர்கள், அபராதம் கட்டாவிட்டால் வழக்கு என்று மிரட்டுவது இன்னொன்று. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, வங்கிக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். வெட்கப்பட்டு வீட்டில் மறைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

எல்லாம் யோசித்து முடித்தபின் மேனேஜரிடம் கேட்கும் விதம். ‘டிராஃபிக் அதிகம் சார்’ என்று தொடங்கினால் அது குறை சொல்வதாக முடியும். செய்கிற வேலையை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்: தனியே உட்கார்ந்து முடிக்க வேண்டியவை, பலரோடு சேர்ந்து முடிக்க வேண்டியவை. முதல் வகையை வீட்டு நாட்களிலும் இரண்டாவதை ஆபீஸ் நாட்களிலும் வைக்கிறேன், எனக்குத் தனி அறையும் இரண்டு இணைய இணைப்பும் இருக்கின்றன, நான்கு மாதம் முயன்று பார்ப்போம் என்று கேட்கலாம். ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் எழுதி வாங்க வேண்டும்: எந்த நாட்கள், எந்த மணி முதல் எந்த மணி வரை, லேப்டாப் பழுதானால் யார் பொறுப்பு, அவசரத்துக்கு எவ்வளவு நேரத்தில் ஆபீசுக்கு வர வேண்டும். வேலை நேரத்தின் முடிவை எழுதி வாங்குவது மிக முக்கியம். கொரோனா காலத்தில் ஆசியாவின் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, வீட்டுக்குப் போனபின் வேலை நேரம் கூடியது, முடிந்த வேலை கூடவில்லை என்று தெரிந்தது. மீட்டிங்குகள் பெருகி, இடையூறில்லாமல் உட்காரும் நேரம் சுருங்கியிருந்தது.

நான்கு மாதம் என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குள் இரண்டு மின்கட்டண பில் வந்துவிடும், ஒரு பருவம் மாறியிருக்கும், பிள்ளைகளின் ஒரு விடுமுறையாவது வந்து போயிருக்கும். ஷாங்காய் சோதனை முடிந்ததும் அந்த நிறுவனம் ஊழியர்களிடம் மறுபடி விருப்பம் கேட்டது. சோதனையில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். தனிமை தாங்காமல் ஆபீசுக்குத் திரும்பியவர்களும் அதில் உண்டு. அப்படி ஒவ்வொருவரும் அனுபவித்துப் பார்த்து மாறிக்கொண்ட பிறகு 13 சதவீதமாக இருந்த பலன் 22 சதவீதமானது. ஆகவே மேனேஜரிடம் எழுதி வாங்கும் மின்னஞ்சலிலேயே நான்கு மாதம் கழித்து வரும் ஒரு தேதியைக் குறித்து, அன்றைக்கு நாட்களை இருவரும் மறுபடி பேசி மாற்றிக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.